போட் மெயிலும் பட்டப்படிப்பும்: மன்னார்ப் பெண்பிள்ளைகளின் உயர்கல்விப் பாதை

1914ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதனோடு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல் சேவையும் தொடங்கியது. மதவாச்சியிலிருந்து கிளை பிரிந்து செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், மன்னார், பேசாலை என்று வந்த புகையிரதப் பாதை தலைமன்னார் இறங்குதுறையில் கடலைத் தொட்டது. கொழும்புக் கோட்டையில் ஒரு ரிக்கற் எடுத்தால் சென்னை எழும்பூரில் போய் இறங்கலாம் என்ற நிலை வந்தது. அதே ஆண்டு யூலை மாதம் சென்னைக் கடற்கரையில், பின்னாளில் இராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்ற பெண்கள் கல்லூரி டொரத்தி டி லா ஹே அம்மையாரைத் தலைவியாகக் கொண்டு ஆரம்பமாயிற்று. அடுத்த ஆண்டு, 1915 யூலையில், 41 மாணவிகளோடு சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி தொடங்கியது.

பாலத்தின் கதையைப் புகையிரதத் திணைக்களத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். கல்லூரிகளின் கதையைச் சென்னைக்காரர் எழுதுகிறார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் குறைவு. இலங்கையில் பட்டப்படிப்புக்கு ஏங்கிய ஒரு தமிழ்ப் பெண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான். கல்லூரியும் அதற்குப் போகும் வழியும் பதினெட்டு மாதத்துக்குள் திறந்துவிட்டன. அந்த வழி எங்கள் வாசலால் போனது.

எங்கள் பாடசாலையின் அதிபர்கள், கட்டடங்கள், விளையாட்டுப் போட்டிகள், பரிசளிப்பு விழாக்கள் பற்றி இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத நினைத்தது படலைக்கு வெளியே தொடங்கும் கதை. கடைசி மணி அடித்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்த பிறகு ஒரு மன்னார்ப் பிள்ளை மேலே படிப்பதற்கு எந்த வழியால் போக முடிந்தது, எந்த வழி அவளுக்கு மூடிக் கிடந்தது என்பது. இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகள் பலர் தங்கள் பட்டத்தைச் சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். அந்தச் சாதாரணம் வருவதற்கு எத்தனை காலம் சென்றது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

அக்காலத்து இலங்கையில் பல்கலைக்கழகம் இல்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி 1892இல்தான் பெண்களைச் சேர்த்தது. பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல் வந்தது. அதுவும் தன் பெயரில் பட்டம் கொடுக்கவில்லை. மாணவர்களை லண்டன் பரீட்சைக்குத் தயார்செய்தது. ஆகவே 1921க்கு முன் முறையாக ஒரு கல்லூரியில் இருந்து பட்டம் பெற விரும்பிய பெண்ணுக்கு இங்கிலாந்து, அல்லது இந்தியா. இங்கிலாந்து பணக்கார வீட்டுக்கு மட்டும். மிச்சமிருந்தது இந்தியா.

அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொள்ள யாழ்ப்பாணம் ஆயத்தமாக இருந்தது. ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824இல். திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்து இறங்கிவிட்டார்கள். சுண்டுக்குளி மகளிர் கல்லூரி 1896இல் உருவானது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று 1913இல் மருதனார்மடத்தில் கல்லூரி திறந்தார். அதன் முதல் அதிபராக வந்தவர் புளோரன்ஸ் பார் என்ற லண்டன் நாடக நடிகை, கவிஞர் யேற்ஸின் தோழி. இப்படி ஓர் அதிபர் மருதனார்மடத்தில் இருந்தார் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. ஆக, 1914இல் கப்பல் ஓடத் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் மூன்று தலைமுறையாக எழுத்தறிந்த பெண்கள் இருந்தார்கள். தாய் படித்தவள், பாட்டி படித்தவள். மகளைச் சென்னைக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேசவாவது ஆள் இருந்தது.

பயணம் எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களில் இளையவர்கள் அந்தப் பாதையைக் கண்டதில்லை. கொழும்பிலிருந்து இரவு முழுவதும் ஓடி விடிகாலையில் வண்டி மன்னார்த் தீவுக்குள் வரும். இருபக்கமும் பனையும் உடைமரமும், நடுநடுவே வெளுத்த உப்புத் தரை. இறங்குதுறையில் வண்டியும் கப்பலும் முகத்துக்கு முகம் நிற்கும். பெட்டிச் சோதனை, வைத்தியச் சோதனை, பிறகு ஏறத்தாழ 22 மைல் கடல். கச்சான் காற்றுக் காலமென்றால் வயிற்றைக் குமட்டும். தனுஷ்கோடியில் இறங்கினால் அடுத்த வண்டி ஆயத்தமாக நிற்கும், மறுநாள் காலை எழும்பூர். தனியே ஒரு பெண்பிள்ளையை அனுப்பும் வழக்கம் இல்லை. தகப்பன் அல்லது மாமன் கூடப் போவார், அல்லது பாடசாலை மிஸ் ஒருவரோடு சேர்த்துவிடுவார்கள்.

அதே கப்பலில் இன்னொரு கூட்டமும் வந்துகொண்டிருந்தது. எதிர்த்திசையில், மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்கென்று நாட்கணக்காக அடைத்துவைக்கப்பட்டு, பிறகு தோட்டங்களுக்கு ஏற்றப்பட்ட தொழிலாளர். அவர்களுக்கு முந்திய தலைமுறை மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை காட்டுவழியால் நடந்தே போனது. கொலராவும் காய்ச்சலும் வழிநெடுக ஆட்களை விழுத்தின. பட்டம் படிக்கப் போன தமிழ்ப் பெண்ணும் கொழுந்து எடுக்க வந்த தமிழ்ப் பெண்ணும் ஒரே இறங்குதுறையில் ஒருவரையொருவர் கடந்து போயிருப்பார்கள். அவர்களுக்குள் பேச்சு நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னால், பெண்களுக்கென்று கல்லூரி இல்லாத காலத்தில் அக்கரையில் ஒருவர் வழி வெட்டியிருந்தார். முத்துலட்சுமி அம்மையார் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மெற்றிக்குலேசனுக்குப் பிறகு அங்குள்ள மகாராஜா கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தபோது அது ஆண்கள் கல்லூரி. கல்லூரி நிர்வாகத்துக்கும் பெற்றோர் சிலருக்கும் அது பிடிக்கவில்லை. தாயின் குலத்தைச் சொல்லியும் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். வகுப்பில் அவரையும் மற்ற மாணவரையும் திரை ஒன்று பிரித்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார், 1912இல் பட்டம் பெற்றார், பிறகு சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராகவும் இருந்தார். மன்னாரிலிருந்து பார்த்தால் புதுக்கோட்டை கொழும்பைவிடக் கிட்ட. ஆனால் ஒரு மன்னார்ப் பிள்ளைக்கு எந்த மன்னரும் அனுமதி கொடுக்க இருக்கவில்லை.

இலங்கைத் தமிழ்ப் பெண்களுள் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுத விரும்புகிறேன். அவர் மன்னார்க்காரி அல்ல, ஆனால் அவர் எழுதிய பொருள் எங்கள் பொருள். எவாஞ்சலின் தில்லையம்பலம் விலங்கியல் படித்தவர். இலட்சுமணபுரி என்று பழைய ஆட்கள் சொல்லும் லக்னோவில், இசபெல்லா தோபேர்ன் பெண்கள் கல்லூரியில் கற்பித்தார். இந்திய விலங்கியல் தனிநூல் வரிசையில் 1928இல் இரண்டாவது நூலாக வெளிவந்தது அவருடைய 'ஸ்கோலியோடன்'. இந்தியக் கடல்களின் சாதாரணச் சுறாவை மூக்கிலிருந்து வால்வரை, குருத்தெலும்பு, நரம்பு, இரத்தக் குழாய் என்று ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்து விபரித்த நூல் அது. அதற்குமுன் இந்திய மாணவர்கள் ஐரோப்பிய மீன்களைப் பற்றிய ஆங்கிலப் பாடநூல்களை வைத்துக்கொண்டு தங்கள் முன்னால் கிடந்த வேறு மீனை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தில்லையம்பலத்தின் நூல் வந்தபின், பம்பாயிலும் கல்கத்தாவிலும் பி.எஸ்சி. படித்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அந்த நூலைப் பார்த்தே சுறாவை வெட்டினார்கள். பாடநூல்களில் அந்த மீனுக்கு நெடுங்காலம் வழங்கிய பெயரின் பின்பாதி 'சொறகோவா'. விசாகப்பட்டினத்து மீனவர் வாயிலிருந்து விஞ்ஞானத்துக்குப் போன சொல். உரக்கச் சொல்லிப் பாருங்கள், எங்கள் 'சுறா' உள்ளே கேட்கும்.

அவர் பின்னர் யாழ்ப்பாணம் திரும்பி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்தார்.

பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் அதே காலத்தில் பெண்கள் சுறாவை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை வைப்பதற்கும், மிச்சத்தைக் கருவாடு போடுவதற்கும். எந்த மாதம் எந்தச் சுறா கரைக்கு வரும், எதன் ஈரல் எண்ணெய்க்கு உதவும், குட்டி வயிற்றில் எப்படிக் கிடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கையளவாய்த் தெரியும். அந்த அறிவுக்கும் 1928ஆம் ஆண்டு நூலுக்கும் இடையில் இருந்தது புத்திக் குறைவு அல்ல. ஆங்கிலமும் பள்ளிக்கூடக் கட்டணமும்தான்.

இதைச் சற்று விளக்க வேண்டும். இலங்கையில் தமிழ்ப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளில் கட்டணம் உண்டு. மேற்படிப்புக்கும் அரசாங்க வேலைக்கும் ஆங்கிலமே கதவு. ஒரு கடற்றொழில் வீட்டில் ஆங்கிலத்துக்குக் கட்டணம் கட்ட முடிந்தால்கூட அது ஆண்பிள்ளைக்குப் போகும். பெண்பிள்ளை தமிழில் ஐந்தாம் வகுப்புவரை போவாள். பெரியபிள்ளை ஆனதும் நிற்பாட்டிவிடுவார்கள். முஸ்லிம் ஊர்களிலும் இந்து ஊர்களிலும் கத்தோலிக்க ஊர்களிலும் இந்த விஷயத்தில் ஒற்றுமை இருந்தது என்று சொல்ல வேண்டும். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்த நானாட்டான், முருங்கன் பக்கத்தில் மலேரியாவும் சேர்ந்துகொண்டது. பாடசாலை வைத்தாலும் ஆசிரியர் தங்கமாட்டார்.

மன்னாரில் பணம் இல்லாமலும் இல்லை. 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் அரசாங்கத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. சிலாபக் காலத்தில் மணலில் ஒரு பட்டினமே எழும்பும், முடிந்ததும் ஓலையும் சிப்பி ஓடும் மிஞ்சும். வருமானம் கொழும்புத் திறைசேரிக்குப் போனது. மறு ஆண்டு சிலாபத்தையே ஓர் ஆங்கிலக் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள், சில ஆண்டில் முத்தும் இல்லாமல் போயிற்று. அந்த 25 இலட்சத்தில் ஒரு சிறு பங்கு மன்னாரில் பெண்களுக்கான ஓர் ஆங்கில விடுதிப் பாடசாலைக்குச் செலவாகியிருந்தால் என்று நான் பலமுறை கணக்குப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பார்த்து என்ன பலன்.

ஆகையால் மன்னாரில் ஒரு பெண் முதன்முதலில் சொந்தக் காலில் நின்றது பட்டத்தால் அல்ல, ஆசிரியத் தராதரப் பத்திரத்தால். தமிழ்ப் பாடசாலையில் நன்றாகப் படித்த பிள்ளையைக் கன்னியர் கண்டுபிடித்து, தகப்பனோடு வாதாடி, யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பிவைப்பார்கள். திரும்பி வரும்போது அவளுக்கு மாதச் சம்பளம். குடை, கைப்பை, கைக்கடிகாரம். ஊரில் அவளை 'ரீச்சர்' என்றுதான் சொல்வார்கள், பெற்ற தாய்கூட. தம்பிமாரின் படிப்பும் தங்கச்சிமாரின் சீதனமும் அந்தச் சம்பளத்தில் நடந்தன. அதனால் சில ரீச்சர்மார் கலியாணம் கட்டாமலே இருந்துவிட்டார்கள். அதைத் தியாகம் என்று மேடையில் சொல்வது வழக்கம். எனக்குப் படிப்பித்த ஒரு ரீச்சர், ஓய்வு பெற்ற பின் நான் கேட்டபோது, "தியாகமும் இல்லை ஒண்டும் இல்லை பிள்ளை, எனக்கு என்ரை சாவி என்ரை கையில இருந்தது, அது பிடிச்சிருந்தது" என்றார். அதுவும் வரலாறுதான்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. 1945 ஒக்டோபரில், கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால், ஆங்கிலப் பாடசாலைக் கட்டணம் நீங்கி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மூன்றிலும் எங்கள் பிள்ளைகளின் தலைவிதியை மாற்றியது மூன்றாவதுதான் என்பது என் கருத்து. பல்கலைக்கழகம் 1952 முதல் பேராதனைக்கு இடம் மாறியது, பெண்களுக்குத் தனி விடுதி மண்டபங்கள் எழும்பின. மன்னாரிலிருந்து பேராதனைக்குப் போகிறவள் இரவு வண்டியில் ஏறி, மதவாச்சி தாண்டி, விடியுமுன் பொல்காவலையில் இறங்கி, கண்டி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். அந்தப் பொல்காவலை மேடையின் குளிரைப் பற்றி எங்கள் மூத்த அக்காமார் சொல்லாத கதை இல்லை. மன்னார்ப் பிள்ளைக்குக் குளிர் என்றால் என்னவென்று அங்கேதான் தெரியவந்தது.

ஆனாலும் 1950களில் பேராதனைக்குப் போனவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்களே, ஏனென்றால் பாடம் இன்னும் ஆங்கிலத்தில். 1960இல் கலைப்பிரிவில் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கத் தொடங்கினார்கள். அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொல் தொகுதிகளும் மொழிபெயர்ப்புப் பாடநூல்களும் வெளியிட்டது. தாய்மொழிக் கல்வியால் ஆங்கிலம் போயிற்று என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. போனது உண்மை. ஆனால் அந்தக் குறையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முன்பே ஆங்கிலம் இருந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள். அடம்பனிலும் எருக்கலம்பிட்டியிலும் தமிழ்மொழி மூலம் படித்த ஒரு பெண்ணுக்கு 1960தான் பேராதனையின் கதவு திறந்த வருடம்.

இதற்கிடையில் பழைய இந்திய வழி அடைபட்டுக்கொண்டு வந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு ஒரு பக்கம். 1964 டிசம்பர் 22ஆந் திகதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பனிலிருந்து போன வண்டி பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1984இல் அதுவும் நின்றது.

இனி வரப்போகும் விஷயத்தை எழுதினால் யாழ்ப்பாணத்துச் சிநேகிதிகள் சிலருக்கு மனம் நோகலாம். 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாக வெவ்வேறு புள்ளி வைத்தார்கள். மருத்துவத்துக்கு 400இல் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 போதும், தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 வேண்டும். இது அநியாயம், இதில் இரண்டு பேச்சு இல்லை. 1974இல் அதற்குமேல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்தின் இடங்கள் சரிந்தன. அந்தக் கோபம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே மாவட்ட ஒதுக்கீடு மன்னாரைப் பின்தங்கிய மாவட்டம் என்று கணக்கெடுத்தது. ஆய்வுகூடம் இல்லாத, இரசாயனவியல் ஆசிரியர் வருடத்தில் பாதிநாள் இல்லாத பாடசாலையிலிருந்து ஒரு பிள்ளை மருத்துவத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ போகக்கூடும் என்ற எண்ணமே அப்போதுதான் இங்கே பிறந்தது. அதுவரை 'டொக்டர்' என்பவர் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்.

அந்த ஒதுக்கீடு முழுவதும் எங்கள் பிள்ளைகளுக்கே கிடைத்தது என்றும் சொல்ல முடியாது. புள்ளி குறைவான மாவட்டத்தில் பரீட்சை எழுதுவதற்காக வெளியிலிருந்து வந்து பதிந்தவர்களும் இருந்தார்கள். நான் உயர்தரம் எழுதிய வருடம், அதுவரை வகுப்பில் கண்டிராத முகங்களைப் பரீட்சை மண்டபத்தில் கண்டோம். அவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுடைய கதவை வேறொருவர் பூட்டியிருந்தார். அனுமதி முறை பின்னர் பலமுறை மாறியது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மன்னார் இன்னும் அந்தப் பதினாறில் ஒன்று. அதைப் பற்றி வெட்கப்படுவதா ஆறுதல் படுவதா என்று எனக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம் உண்டு.

1974ஆம் ஆண்டு இன்னொன்றும் நடந்தது. திருநெல்வேலியில், இராமநாதனின் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில், பேராசிரியர் கைலாசபதியின் தலைமையில் யாழ்ப்பாண வளாகம் திறந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தூரப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப மறுத்த பெற்றோரிடம், "யாழ்ப்பாணம்தானே, கன்னியர் மட விடுதி இருக்கிறதுதானே" என்று சொல்ல முடிந்தது. அந்த ஒரு வசனத்தால் பட்டதாரியானவர்கள் எங்கள் சங்கத்தில் நிறையப் பேர்.

பிறகு 1990. யூனில் மறுபடி சண்டை தொடங்கியது. புகையிரதம் நின்றது, தீவை இணைத்த பாலம் உடைந்தது. மடுவிலும் பேசாலையிலும் அகதிகளுக்கான திறந்த நிவாரண நிலையங்களை ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் நடத்தியது. மரத்தின் கீழ் வகுப்புகள் நடந்தன. ஆயிரக்கணக்கானோர் இரவில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனார்கள். அவர்களைப் பதிந்து இருத்திய இடம் மண்டபம் முகாம். தோட்டத் தொழிலாளரை அடைத்துவைத்த அதே முகாம். 22 மைல் கடலை ஒரு காலத்தில் புத்தகப் பெட்டியோடு கடந்த பெண்கள், இப்போது நனைந்த துணிப்பையோடு கடந்தார்கள். அந்தப் பைக்குள் பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் இருந்தவள் பாக்கியசாலி. அவளால் தமிழ்நாட்டில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவாவது முடிந்தது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அகதி மாணவர்களுக்கு அந்தக் கதவும் சில காலம் அடைபட்டது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்றவை விடாமல் வாதாடியதால் பின்னாளில் அது திறந்தது.

அதே 1990 ஒக்டோபர் கடைசியில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களைச் சில நாள் அவகாசத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் உப்புக்குளத்திலும் இருந்தவர்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். எங்களோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள். இதை ஒரு பாடசாலை மலரில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, வகுப்பு இடாப்பில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. 1990 மூன்றாம் தவணையில் திடீரென்று நின்றுபோன வரவுப் புள்ளிகள் அவை. அவர்கள் போன இடத்தில் புத்தளம் நாகவில்லில் எருக்கலம்பிட்டி என்ற பெயரிலேயே மறுபடி பாடசாலை நடத்தினார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். ஓலைக் கொட்டிலில் உயர்தரம் படித்து ஆசிரியையாகவும் சட்டத்தரணியாகவும் வந்த பெண்கள் அங்கிருந்து புறப்பட்டார்கள். அந்த வெளியேற்றத்தில் குடும்பத்தோடு மன்னாரை இழந்த ஷிரீன் சரூர், 1998இல் மன்னாருக்குத் திரும்பி வந்து, தமிழ், முஸ்லிம் பெண்கள் ஒன்றாக இருந்து வேலை செய்த மன்னார் மாதர் அபிவிருத்தி ஒன்றியத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். அவர் பேச்சை முதன்முதல் கேட்டபோது எனக்குத் தோன்றியது, கோபத்தை வைத்துக்கொண்டே ஒருவர் திரும்பி வரவும் கூடும் என்பது.

யுத்தம் முடிந்த பின் நடந்தவற்றை எல்லோரும் கண்டீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். 2010இல் தீவுக்குப் புதிய பாலம். 2015 மார்ச் 14இல் இந்தியப் பிரதமர் வந்திருக்க, தலைமன்னாருக்கு மறுபடி புகையிரதம் ஓடியது. 1991இல் வவுனியாவில் இணைந்த கல்லூரியாகத் தொடங்கி 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமான நிறுவனம், 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறவர்களில் இன்று பாதிக்கு மேல் பெண்கள். இசற் புள்ளி வெளியாகும் அன்று மன்னார்த் தொலைபேசிக் கடைகளில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். தகப்பன்மார் மகளின் சுட்டிலக்கத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

வேலைதான் இன்னும் மன்னாரில் இல்லை. பட்டம் பெற்றவள் ஆசிரிய நியமனத்துக்குக் காத்திருக்கிறாள், அல்லது கொழும்புக்குப் போகிறாள், அல்லது வெளிநாட்டு மாப்பிள்ளையோடு பறக்கிறாள். பயிற்சிப் பத்திரத்தோடு வந்த பழைய ரீச்சருக்கு அடுத்த மாதமே சம்பளம் வந்தது என்பதை அவளிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததால் மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போக முடிகிறது, வவுனியாவைச் சுற்ற வேண்டியதில்லை. காலைப் பஸ்ஸில் வெள்ளாங்குளம் பக்கம் ஏறும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். மடியில் பை, காதில் வயர், தோளில் தூக்கம். பூநகரி தாண்டியதும் ஒரு கோல் எடுக்க வேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. எடுக்கிறார்கள். "ஓமம்மா, பாலத்தால போறம்" என்று சொல்லிவிட்டு வைக்கிறார்கள். மத்தியான விரிவுரைக்குத் திருநெல்வேலியில் நிற்பார்கள்.